போணிக்கு வந்த மாமியார்

பஸ் வந்து நின்றால் முதலில் புகைதான் இறங்கும். அதற்குப் பிறகுதான் ஆட்கள். அன்றைக்குப் புகையோடு புகையாகக் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் குதித்து இறங்கினார். தோப்பூர் கணவாய் ஏறி வந்த அலுப்பெல்லாம் மற்றவர்களுக்குத்தான். அவர் விறுவிறுவென்று புளியமரத்தடிக்கு வந்து, என் கத்தரிக்காய்க் கூறுகளுக்கு முன்னால் நின்றார்.

"ஏம்மா, போணி ஆச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. நான் பண்றேன். கூறு காலணா, எடு."

கூறு ஓரணா என்று சொல்வதற்குத்தான் விடிந்ததிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கடை விரித்தவர்களுக்கு என் சங்கடம் புரியும். நாளின் முதல் வியாபாரம் போணி. போணிக்கு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டால் அன்றைய வியாபாரம் அதோடு போயிற்று. இது எனக்கும் தெரியும், அந்தக் கோட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கொடுத்தேன். கொடுத்ததைப் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அடுத்தவரிடம் நான் ஓரணா என்றதும், "அவருக்குக் காலணா, எங்களுக்கு மட்டும் ஓரணாவா?" என்று சூழ்ந்துகொண்டார்கள். கால் மணி நேரத்தில் பத்துக் கூறும் தீர்ந்துபோயின. மடியில் இரண்டரை அணா இருந்தது.

ஒரு கூடை காய் கண் மூடித் திறப்பதற்குள் விற்றுவிட்டது என்று நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுதேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் உங்களைத் தர்மபுரிச் சந்தைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சந்தையில் பார்த்த என் காய்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் கதையைக் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். பென்னாகரத்துப் பக்கம் பிறந்த நான் அதியமான்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, உலகத்தில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. கிணற்றுப் பாய்ச்சலில் கத்தரி போட்டிருந்தோம். பச்சையில் வெள்ளை வரி ஓடிய குண்டுக் காய். குழம்பில் போட்டால் வெண்ணெயாய்க் குழையும்.

வாரத்துக்கு ஒரு முறை காயைக் கூடை கூடையாக வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவோம். அங்கே ஒரு தரகர் இருந்தார். அவர் கூடையை ஒரு பார்வை பார்ப்பார், ஒரு விலை சொல்வார், அதுதான் விலை. அதற்கும் முன்னால் ஒவ்வொரு கூடையிலிருந்தும் இரண்டு கை காயை 'சாமிக்கு' என்று அள்ளிக்கொள்வார். எந்தச் சாமிக்கு வாரா வாரம் இத்தனை கத்தரிக்காய் வேண்டியிருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கமான மனிதர். ஆனால் விலை சொல்லச் சொன்னால், எதிராளி வாய் திறப்பதற்கு முன்பே தானே குறைத்துக்கொள்வார்.

ஒரு வாரம், அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் நான் சந்தையைச் சுற்றி வந்தேன். வாசல் பக்கத்தில் ஒருத்தி கத்தரிக்காயைக் கூறு கட்டி வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் காய். நான் கூடைக்கு அடியில் பரப்பிய ஆமணக்கு இலைகூட அப்படியே இருந்தது.

"கூறு எவ்வளவுங்க?"

"ஓரணா. வேணும்னா எடு, காலையில பறிச்ச காயி."

காலையில் பறித்தது எனக்குத் தெரியாதா? ஒரு கூடைக்குப் பத்துக் கூறு வரும். தரகர் எங்களுக்குக் கொடுத்தது மூன்றணா. மூன்றணாவுக்குக் கொடுத்த கூடை முப்பது அடி தள்ளிப் பத்தணா ஆகியிருந்தது. வழி நெடுக யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை, எரு வைக்கவில்லை.

அதே சந்தைக்கு வத்தல்மலையிலிருந்தும் ஆட்கள் இறங்கி வருவார்கள். சாமை ஒரு படி கொடுத்தால் உப்பு ஒரு படி வாங்கிக்கொள்வார்கள். அதற்கு மேலே பேச்சு கிடையாது. யாராவது கூடக்குறையப் பேசினால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவார்கள். எனக்கு அவர்கள்மேல் ஒரே பொறாமை.

காய்கறி விலையைப் பற்றி எழுதுங்கள் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டுக்கொண்டதால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். இன்றைய விலை எனக்கும் தெரியும். கடையில் கேட்பேன், காயைத் தடவிப் பார்ப்பேன், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவேன்.

எட்டு நாள் கெடு

அப்போது பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியைக் கொட்டிக் கொளுத்திவிடுவார்கள். அந்தக் கரிவாயுவில் வண்டி நகரும். சேலத்திலிருந்து வருகிற காலை பஸ் கணவாய் ஏறி முடிப்பதற்குள் ஓய்ந்துபோகும். எங்கள் காட்டோரம் இருந்த புளியமரத்தடியில் நிறுத்தி, சாம்பலைத் தட்டி, புதுக் கரி போட்டு, கைப்பிடியைச் சுற்றி ஊதினால்தான் தர்மபுரி போய்ச் சேரும். அந்தக் கால் மணி நேரம் பிரயாணிகள் கீழே இறங்கிச் சும்மா நிற்பார்கள்.

சும்மா நிற்கிறவர்கள் கையில் காசு இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மாவைக் கேட்டுக்க" என்றார். எதற்கும் அவர் சொல்லும் பதில் அதுதான்.

அத்தைக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். புருஷனைச் சீக்கிரம் இழந்து, தனியாளாகக் காட்டையும் மகனையும் காப்பாற்றியவர். குரல் கணீரென்று இருக்கும்.

"குடியானவன் வூட்டுப் பொம்பள ரோட்டுல உக்காந்து கூறு கட்டறதா? ஊரு சிரிக்காதா?" என்றார்.

நான் மூன்றணா, பத்தணாக் கதையைச் சொன்னேன். அத்தை விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். மூன்றுக்கும் பத்துக்கும் இடையில் இருக்கிற தூரம் அவருக்கும் உறைத்துவிட்டது.

"சரி, எட்டு நாளு பாரு. தரகரு குடுக்கறதைவிட ஒரு காசாவது கூட வரணும். வரலைன்னு வெச்சுக்க, எட்டாம் நாளு அவரைக் கூப்புட்டு மொத்தக் காட்டையும் பேசி முடிச்சுடுவேன். செடி காயற வரைக்கும் காய் அத்தினியும் அவருக்குத்தான். நீயும் ரோட்டுப் பக்கம் தலை வெக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். முதல் நாள்தான் கோட்டுக்காரர் வந்தார். தரகர் கொடுக்கிற மூன்றணாகூட வரவில்லை. இப்போது என் அழுகை உங்களுக்குப் புரியும்.

போணிச் சட்டம்

கோட்டுக்காரர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். தோப்பூரில் வீடு, தர்மபுரியில் கோர்ட்டு. தினமும் அதே பஸ். வக்கீல் பக்கத்தில் இருந்து பழகியதாலோ என்னவோ, போணியையும் ஒரு சட்டமாகவே வைத்திருந்தார்.

இரண்டாம் நாள் நான் புத்திசாலித்தனமாக என் வீட்டுக்காரரிடம் ஓரணாவைக் கொடுத்து, அவரை விட்டே போணி செய்ய வைத்தேன். கோட்டுக்காரர் வந்து விசாரித்தார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"புருஷன் குடுத்தா போணியா? அது ஒரே வூட்டுக் காசு. இடுப்புலேர்ந்து மடிக்கு மாறியிருக்குது, அவ்வளவுதான். எடு, காலணா."

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. வீட்டுக் காசு போணியாகாது, அசல் ஆள் காசுதான் ஆகும். ஆனால் பஸ் வருவதற்கு முன்னால் அசல் ஆளுக்கு நான் எங்கே போவேன்? எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கத்தரிச் செடி. காசு கொடுத்துக் கத்தரிக்காய் வாங்கினால் அவரைப் பைத்தியம் என்பார்கள்.

மூன்றாம் நாளும் அதே காலணா. அன்று சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். அவருக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும், நாளைக்கே தரகருக்கு ஆள் அனுப்புவார் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது.

"காலணாவா? எங்கூட்டுக் காய்க்குக் காலணாவா? எவன் அவன் கோட்டுக்காரன்? நாளைக்கு நான் பண்றேன்டி போணி."

"நீங்களும் வீட்டு ஆள்தானே அத்தை?"

"எப்படி? எனக்குத்தான் தனி அடுப்பாச்சே."

அது உண்மைதான். நான் வந்த இரண்டாம் மாதமே குழம்பில் உப்புப் போடுவதில் எங்களுக்குள் தகராறு வந்து, அத்தை மாட்டுக் கொட்டகையோரம் தனியாக அடுப்பு மூட்டிப் பொங்கிக்கொண்டிருந்தார். "அடுப்பு வேறன்னா ஆளும் வேறதான். என் காசு அசல் காசு" என்று அடித்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டம் சுலபமானது. பஸ் நின்றவுடன், அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி அத்தை விலை கேட்க வேண்டும். நான் ஓரணா சொல்ல வேண்டும். அவர் ஓரணாவைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். போணியும் ஆகிவிடும், விலையும் நின்றுவிடும்.

"அவ்வளவுதானே? ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டேன்" என்றார் அத்தை.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் கல்யாணத்துக்கு மேளக்காரரிடம் பேசிப் பேசி, ஒரு நாயனத்துக்கு உண்டான கூலியில் இரண்டு நாயனம் கொண்டுவந்தவர் அத்தை. வளையல்காரர் எங்கள் தெருமுனைக்கு வந்தால், அத்தை வீட்டில் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் உள்ளே நுழைவார். சொன்ன விலைக்கு அத்தை ஒரு சாமான் வாங்கியதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. அது அன்றைக்கே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

நாலாம் நாள்

பஸ் நின்றது. புகை இறங்கியது. கோட்டுக்காரர் படியில் கால் வைப்பதற்குள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வழிப்போக்கர் மாதிரி நின்றிருந்த அத்தை விடுவிடுவென்று வந்துவிட்டார்.

"ஏ புள்ள, கூறு எவ்வளவு?"

"ஓரணாங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓரணாவை எடுத்தார். நீட்டினார். நானும் கையை நீட்டினேன். அவர் கை பாதி வழியில் நின்றது.

"ஓரணாவா?" என்றார், தனக்குள் சொல்லிக்கொள்வது போல. கை பின்னால் போயிற்று. "கூறுக்கு எத்தினி காய்? எட்டு. அதுல ரெண்டு பிஞ்சு. இதுக்கு ஓரணாவா?"

நான் கண்ணைக் காட்டினேன்.

"கண்ணுல என்ன, தூசியா? விலையைச் சொல்லு."

"ஓரணாதாங்க. குறையாது."

"அரையணா. மேல ரெண்டு காய் கொசுறு."

அரையணா என்று அவர் சொன்னதும் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அத்தைக்கு நான் மருமகள் என்பதே மறந்துபோயிருந்தது. கடை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டது, இனி அவரைக் கட்டிப்போட முடியாது.

ஒரு கட்டத்தில் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. மூன்று நாள் அழுகையும் சேர்ந்துகொள்ள, நானும் மாமியார் என்பதை மறந்தேன். "வாங்கத் தெரிஞ்சவங்க காயைப் பாப்பாங்க, பிஞ்சை எண்ண மாட்டாங்க!" என்று நான் கத்த, "விக்கத் தெரிஞ்சவ இப்படி வாயாட மாட்டா!" என்று அவர் கத்த, பஸ்ஸே எங்களைச் சுற்றி நின்றது. கிளீனர் கைப்பிடியைச் சுற்றுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான். யாரோ கை நீட்டினார்கள். எதையோ வாங்கினேன், எதையோ எடுத்துக் கொடுத்தேன், ஒன்றும் நினைவில்லை.

அத்தை ஒரு காயை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இதோ பாருங்க, சொத்தை!"

கோட்டுக்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்? "நல்லாச் சொன்னீங்க ஆயா. அத்தினியும் சொத்தைதான். தண்ணி காட்டாம வளத்த காயி. காலணாவே ஜாஸ்தி" என்றார்.

அத்தை மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"யாரு காயைச் சொத்தைங்கறே?"

"நீங்கதானே ஆயா சொன்னீங்க?"

"நான் சொல்லுவேன். நீ யாரு சொல்றதுக்கு? தண்ணி காட்டாம வளத்ததா? என் மவன் கோழி கூப்படறதுக்கு முன்னால எழுந்து, மாட்டைப் பூட்டிக் கெணத்துலேர்ந்து கவலையில தண்ணி எறைக்கறான். இந்தப் புள்ள மம்முட்டியோட நின்னு மடை மாத்தறா. செடி செடியாச் சாம்பல் தூவி வளத்த காயி இது. பாருங்க, இவ கையைப் பாருங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்து, காப்புக் காய்த்த உள்ளங்கையைப் பஸ் முழுக்கக் காட்டினார். "ஓரணா என்ன, ஒன்னரையணா குடுத்தாலும் தகும்!"

அத்தை என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் அதை அனுபவிக்க நேரம் இல்லை.

"அப்ப நீங்க மாமியாரா?" என்றார் கோட்டுக்காரர், சிரித்துக்கொண்டே. "வூட்டு ஆளு போணி செல்லாதுங்களே. நீங்க காசும் குடுக்கலை. போணி நான்தான். கூறு காலணா."

"எனக்கு அடுப்பு வேற!"

"அடுப்பு வேறயா இருக்கட்டுங்க. 'என் மவன்'னு இப்பத்தானே சொன்னீங்க?"

அத்தை தன் ஓரணாவை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போணிக்கு வந்தவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? இன்னும் நாலு நாள்தான் பாக்கி. அப்புறம் தரகர்தான், அவருடைய சாமிதான். கூறை எடுக்கக் குனிந்தேன்.

"அதான் போணி ஆயிடுச்சே" என்று ஒரு குரல் கேட்டது.

பித்தளைத் தூக்கோடு நின்றிருந்த ஓர் அம்மாள். மடி நிறையக் கத்தரிக்காய்.

"நீங்க ரெண்டு பேரும் நிறுத்தற வழியாக் காணோம். வண்டி கெளம்பிடப் போவுதுன்னு நான் ஓரணாவைக் குடுத்துக் கூறை எடுத்துக்கிட்டேன். இந்தப் பொண்ணு வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிச்சே. டிரைவரும் பாத்துக்கிட்டுத்தானே நின்னாரு?"

"ஹௌது, ஹௌது. நானும் பாத்தேன்" என்றார் டிரைவர். அவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர், பாதி கன்னடம் பேசுவார்.

சுருக்குப் பையைத் திறந்தேன். ஓரம் வளைந்து வளைந்திருக்கும் ஓரணாக் காசு ஒன்று உள்ளே கிடந்தது. கை அதன் பழக்கத்துக்கு வாங்கியிருக்கிறது, அதன் பழக்கத்துக்குக் கண்ணில் ஒற்றியிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. சண்டையின் நடுவே, சொன்ன விலைக்கு, அசல் ஆள் கையால் போணி ஆகியிருந்தது.

கோட்டுக்காரர் சட்டம் தெரிந்தவர் மட்டுமல்ல, தோற்றால் ஒப்புக்கொள்ளவும் தெரிந்தவர். ஓரணாவை எடுத்துக் கொடுத்தார். அத்தை நல்ல குண்டுக் காயாகப் பார்த்து ஒன்றை எடுத்து அவர் கூறின் மேல் வைத்தார். "கொசுறு. வாய் நீளம்னாலும் நாயம் தெரிஞ்ச மனுசன்" என்றார். மற்ற கூறுகளும் ஓரணாவுக்கே போயின.

கத்திக் கத்தி அத்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்று மத்தியானம் அடுப்பு மூட்டத் தெம்பில்லாமல் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். குழம்பை ஊற்றினேன். உப்புக் கம்மி என்று சைகை காட்டினார். இரண்டாம் தடவையும் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார்.

எட்டாம் நாள்

காய் சந்தைக்கு வராததைப் பார்த்து, எட்டாம் நாள் காலையில் தரகரே சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார். நான் கூடைகளோடு ரோட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நாலு நாளாக நல்ல வியாபாரம்தான். ஆனால் கடையை வைத்துக்கொள் என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. எனக்கும் கேட்கப் பயம்.

"கேள்விப்பட்டேங்க. மருமவ ரோட்டுல உக்காருதாம். உங்க குடும்பத்துக்கு அடுக்குங்களா?" என்றார் தரகர். "கூடைக்கு நாலணாவே வெச்சுக்கலாம். மொத்தக் காட்டையும் பேசிடலாம்."

கேட்காமலே ஓரணா ஏற்றியிருந்தார். அத்தையின் கண் மின்னியது. அந்த மின்னலை நான் அறிவேன். இனி ஆறணாவில் தொடங்குவார், தரகர் இழுப்பார், இவர் விடமாட்டார், மத்தியானத்துக்குள் ஐந்தணாவில் முடித்துவிட்டு வெற்றியோடு சிரிப்பார். என் கடை அதோடு போய்விடும். கூடையைக் கீழே வைத்துவிட்டேன்.

அத்தை தரகரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூறு ஓரணாங்க" என்றார்.

"என்னங்க?"

"ஒரே வெலை. பேரம் கெடையாது. எங்க கடை புளியமரத்தடியில இருக்குது, அங்க வந்து வாங்கிக்குங்க. பஸ்ஸு வந்து போனப்புறம் வாங்க. போணிக்கு உங்க கை வேண்டாம்."

தரகர் சைக்கிளைத் திருப்பினார். என் வீட்டுக்காரர் அப்போதும் கூரையைத்தான் பார்த்தார், ஆனால் சிரித்துக்கொண்டே பார்த்தார். நான் சந்தோஷத்தில் கூடையை எடுக்கக்கூட மறந்து நின்றேன்.

"என்னா புள்ள நிக்கறே? பஸ்ஸு வர்ற நேரமாவுது" என்ற அத்தை, இரண்டு கூடையில் பெரியதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் ரோட்டுக்கு நடந்தார்.